ஆயிரம் பேர் வந்தால் சம்பளமா?

"தினம் ஆயிரம் பேர் வந்தால் மாதச் சம்பளம் நிச்சயம்" என்று, வலைத்தளத்தில் விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பது பற்றிய ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது கொஞ்சம் ஓவர். வருகிறவர் எந்த நாட்டுக்காரர், எதைப் படிக்க வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் விளம்பரதாரர்கள் இடத்துக்குப் போட்டி போடும் ஏலத்தில் விலை ஏறும். வீட்டுக்கடன், காப்பீடு பக்கங்களுக்குக் கிடைக்கும் ரேட் கவிதைக்கும் கோலத்துக்கும் வராது. அதிலும் தமிழ்த் தளங்களுக்கு ஆட்சென்ஸ் (தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் சேவை) கதவு திறந்ததே 2018-இல்தான். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் நம்பர் அனுப்புவார்கள். 100 டாலரைத் தொட்டால்தான் பணம் கைக்கு வரும். அதுவரை பொறுக்காமல் சொந்தக்காரர், நண்பர் எல்லோரையும் விளம்பரத்தைக் கிளிக் பண்ணச் சொல்கிறவர்கள் உண்டு (வாட்ஸ்அப் குரூப்பே நடத்துகிறார்கள்!). தயவுசெய்து வேண்டாம். கணக்கையே முடக்கிவிடுவார்கள், சேர்ந்த பணமும் கிடைக்காது.