பெங்களூரில் இரண்டு ராத்திரி

ஆபீஸ் வேலையாக பெங்களூரில் இரண்டு ராத்திரி தங்கணும், கம்பெனி தருவது நாளுக்கு 5,000 ரூபாய், வரியும் அதற்குள்ளேயே. இதற்காக நேற்று பதினொன்றரை மணி வரை ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எந்த செயின் ஹோட்டலைத் திறந்தாலும் அதே வெள்ளை மெத்தை, கால்மாட்டில் அதே கலர் துணி. கொட்டை எழுத்தில் 4,799 என்று போடுகிறான், சந்தோஷமாக உள்ளே போனால் 5% ஜிஎஸ்டி சேர்ந்து 5,039. அந்த முப்பத்தொன்பது ரூபாய்க்கு அக்கவுண்ட்ஸுக்கு யார் மெயில் எழுதுவது? காலை டிபன் வேறு தனிக்காசு.

சரி, மீட்டிங் வொயிட்ஃபீல்டு ஏரியாவில்தானே, பேரிலேயே வொயிட்ஃபீல்டு இருக்கிறதே என்று இன்னொரு ஹோட்டலைப் பார்த்தால், மேப்பில் அது மாரத்தஹள்ளிப் பக்கம். மெட்ரோ பர்ப்பிள் லைன் வொயிட்ஃபீல்டு வரை போகிறதுதான், ஆனால் மாரத்தஹள்ளியைத் தொடாமல் கே.ஆர்.புரம் வழியாகப் போகிறது. ஒன்பது மணி மீட்டிங்குக்கு அந்த டிராஃபிக்கில் ஏழரைக்கே ஆட்டோ பிடிக்கணும். அதே ரூம் வேறொரு ஆப்பில் 300 ரூபாய் குறைவு, ஆனால் கம்பெனி பேரில் பில் கிடையாதாம். கடைசியில் எதையும் புக் பண்ணாமல் தூங்கிவிட்டேன், காலையில் பார்த்தால் அந்த 4,799 இப்போது 5,299.