மூடாத ஃபர்னஸும் முழிக்கிற முதலாளியும்

கரண்ட் பில் வந்த அன்றைக்கு எந்த ஃபவுண்டரி (இரும்பு வார்க்கும் பட்டறை) முதலாளியைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான்: "புது ஃபர்னஸ் போட்டாத்தானுங்க கட்டுப்படியாகும்." கணபதி, சிட்கோ, அரசூர் என்று கோவையில் எந்தப் பக்கம் போனாலும் இதே பாட்டு. இருபது வருசத்துக்கு மேல் மெல்டிங்கில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இருக்கிற ஃபர்னஸை, அதாவது இரும்பு உருக்கும் உலையை, மூடி வைக்காதவர் புதுசையும் திறந்துதான் போடுவார்.

ஒரு டன் இரும்பை 1500 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 400 யூனிட் சூடு போதும். கரண்டில் உருக்கும் நம் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்கள் 550-க்கு ஓடினாலே நல்ல ஓட்டம். 650, 700 என்று இழுக்கிற இடங்களும் உண்டு. ஃபர்னஸைச் சுற்றியுள்ள காயிலைக் குளிர்விக்கும் தண்ணீரோடு கொஞ்சம் போகத்தான் செய்யும், சரி. மிச்சம்?

ஒரு நாள் 500 கிலோ ஃபர்னஸில் ஹீட் (ஒரு தடவைக்கு உருக்கிய இரும்பு) ரெடி. சாம்பிள் லேபுக்குப் போயிருக்கிறது, லேப் தம்பி டீக்குப் போயிருக்கிறார். இருபது நிமிடம் இரும்புக் குழம்பு வாயைத் திறந்துகொண்டு தகதகக்கிறது. பத்தடி தள்ளி நின்றாலும் முகம் சுடுகிறது. அந்த முகம் சுடுகிற சூட்டுக்கும் மீட்டர் ஓடுகிறது. மூடி எங்கே என்று பார்த்தால் சுவரோரம் சாய்ந்து துருப்பிடித்துக் கிடக்கிறது. ஏன் போடவில்லை என்று பீகார் பையனிடம் கேட்டேன். "ரெண்டு பேர் தூக்கணும் அண்ணா. நீங்க ஒரு பக்கம் பிடிக்கிறீங்களா?" என்றான். எனக்குப் பதில் இல்லை. அப்புறம் பழைய பைப்பில் ஒரு கை வைத்து, மறுமுனையில் பழுதென்று தள்ளிய ரிஜெக்ட் காஸ்டிங்கை (வார்ப்பை) எதிர் எடையாகத் தொங்கவிட்டு வெல்டிங் அடித்தோம். அரை நாள் வேலை. அதற்குப் பிறகு ஒற்றைக் கையால் தள்ளினான்.

அடுத்தது ஸ்க்ராப். மணல் ஒட்டிய ரன்னர், ரைசரை (வார்ப்போடு சேர்ந்து உறைந்து, வெட்டி எடுத்த துண்டுகளை) அப்படியே அள்ளிப் போடுகிறோம். அந்த மணலும் சூடாகி, ஸ்லாக்காகி (கசடாகி), வழித்துக் கொட்டும்போது நல்ல இரும்பையும் கூட்டிக்கொண்டு போகிறது. துருவோ ஃபர்னஸின் உள்பூச்சான லைனிங்கைத் தின்கிறது. ஈர ஸ்க்ராப்பைப் பற்றி கரண்ட் கணக்கே பேசக்கூடாது, அது வெடித்தால் ஆள் மிஞ்ச மாட்டான். ஃபர்னஸில் போடும் சரக்கான சார்ஜையும் இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். லொடலொடவென்று கிடந்தால் ஃபர்னஸ் முழு பவரை இழுக்காது. அதற்காக மேலே குவித்துத் திணித்தால் உருகாமல் மேலேயே பாலம் போல நின்றுகொள்ளும், கீழே குழம்பு கண்டபடி சூடேறும். இந்தக் கைப்பக்குவம் சார்ஜ் போடுகிறவரிடம்தான் இருக்கிறது. அவருக்குத்தான் சம்பளம் குறைவு.

"எதுக்கும் ஒரு ஐம்பது டிகிரி சேர்த்து வை" என்பார்கள். குழம்பை ஏந்திப்போகும் லேடிலைச் சூடுபண்ணாமல் ஊற்றினால் அந்த ஐம்பது அங்கேயே போய்விடும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ரிஜெக்‌ஷன். உருக்கிய டன்னுக்கு எத்தனை யூனிட் என்று பார்க்கிறோம். லாரியில் ஏறிய நல்ல காஸ்டிங் டன்னுக்கு எத்தனை என்று பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். நூறு கிலோ உருக்கி அறுபது கிலோ தேறினால், மீதி நாற்பதை மறுபடியும் காசு கொடுத்து உருக்குகிறோம். ஊதுகண் (வாயு அடைபட்ட ஓட்டை) விழுந்த பம்ப் பாடி ஒவ்வொன்றும் இரண்டு தடவை கரண்ட் குடித்தது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தினசரி ரிப்போர்ட் நோட்டில் ரிஜெக்ட் எடைக்குப் பேனாவால் ஒரு கட்டம் போட்டேன். மூன்று வாரம் ஒழுங்காக எழுதினார்கள். அடுத்த மாதம் புது நோட்டு அச்சடித்து வந்தது. கம்பெனி லோகோ பெரிதாக இருந்தது, அந்தக் கட்டம் இல்லை.