ஆயில் கூடினால் பிரஷ் கட்டரின் ஆயுள் கூடாது
புல், களை வெட்டும் இயந்திரமான பிரஷ் கட்டரின் பெட்ரோலில் ஆயிலைக் கூடுதலாகக் கலந்தால் எஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்றும், பெட்ரோலில் கலப்பதற்கென்றே வரும் டூ-டி (2T) ஆயில் கிடைக்காவிட்டால் பைக் ஆயிலே போதும் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது, கோவைப் பக்கம் தோட்டப் பராமரிப்புத் தொழிலைப் புதிதாகத் தொடங்குவோருக்கு நட்டத்தையே தரும். ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டரின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலுக்கெனத் தனி அறை கிடையாது. பெட்ரோலோடு உள்ளே போகும் ஆயில் பேரிங்கையும் பிஸ்டனையும் தேயாமல் காத்து, பின்னர் எரிந்து வெளியேற வேண்டும். பைக் ஆயில் அப்படி எரிவதற்காகத் தயாரிக்கப்பட்டதன்று. டூ-டி ஆயிலே ஆனாலும், அளவு மிஞ்சினால் ஸ்பார்க் பிளக் முனையில் கரியாகவும் சைலன்சர் வலையில் கறுத்த பிசினாகவும் படிந்து புகைவழியை அடைத்துவிடும். இழுவை குறைந்த கட்டர்களில் முதலில் அந்த வலையைக் கழற்றிப் பாருங்கள். கையேட்டில் 50:1 என்றிருந்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி.; இதை மூடியால் உத்தேசமாக ஊற்றாமல் அளவுக் குப்பியால் ஊற்ற வேண்டும். ஆயிலைத் தனியே ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் கட்டர்களுக்கு வெறும் பெட்ரோல்தான். ஐப்பசி மழைக்குப் பின் பொள்ளாச்சித் தோப்புகளில் ஓயாமல் ஓடும் கட்டர் கோடையில் சும்மா கிடக்கும்போது, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், டேங்கை வடித்து, கார்புரேட்டர் காயும்வரை ஓட்டிய பிறகே எடுத்து வையுங்கள்.