ஆண்களுக்கும் பூஞ்சைத் தொற்று வரும்

பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று ஆணுக்கு வந்தால் அது தகாத உறவின் அடையாளம் என்றும், பூண்டுச் சாறு தடவினால் போதும் என்றும் பகிரப்படும் தகவல் தவறானது. கேண்டிடா என்னும் இப்பூஞ்சை நலமான உடலிலும் இயல்பாக வாழ்வது; சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும், ஆன்டிபயாடிக் உட்கொண்ட பின்பும், முன்தோலின் அடியில் ஈரம் தங்கும்போதும் அது பெருகி, ஆண்குறி முனையில் சிவப்பு, அரிப்பு, எரிச்சல், வெண்ணிறப் படிவு ஆகியவற்றை உண்டாக்குகிறது. துணையிடமிருந்து தொற்றுவதும் உண்டு. ஆனால் அதை மட்டும் கொண்டு ஒருவரைச் சந்தேகிப்பது அநியாயம். பூண்டுச் சாறோ தோலைப் புண்ணாக்கும். மருத்துவர்கள் பெரும்பாலும் பூஞ்சையை அழிக்கும் மருந்தான குளோட்ரிமசோல் 1% களிம்பை நாளுக்கு இருமுறை, 7 முதல் 14 நாள்கள் வரை பூசச் சொல்வர். ஸ்டீராய்டு மட்டுமே கொண்ட களிம்பு அரிப்பைத் தணித்தாலும் பூஞ்சையை வளர்த்துவிடக்கூடும். தொற்று அடிக்கடி திரும்பினால் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.