மறதியைப் பற்றி மனப்பாடம் செய்த கதை

தேர்வுக்கு முந்தின ராத்திரி எபிங்ஹவுஸை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். 1885. அர்த்தமில்லாத அசைகளைக் கோத்து, தன்னையே சோதனை எலியாக்கி, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்த மனிதர். மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் கரைந்துவிடும், அப்புறம் மறதி நிதானமாகிவிடும். இதை நாலு தடவை படித்தேன், மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டேன். காலையில் பிசகாமல் எழுதினேன். பத்து நாள் கழித்து ஒரு நண்பன் கேட்டபோது ஆண்டும் வரவில்லை, பெயரும் வரவில்லை. மஞ்சள் நிறம் மட்டும் ஞாபகம் இருந்தது.

காக்னிட்டிவ் சைக்காலஜி, அதாவது நினைவு, கவனம், சிந்தனை பற்றிய உளவியல் படிப்பில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். மனிதன் எப்படிக் கற்கிறான் என்று சொல்லித்தருகிற பாடத்தை, அந்தப் பாடமே வேண்டாம் என்கிற முறையில் படிக்க வைக்கிறார்கள்.

2006இல் ரோடிகரும் கார்பிகியும் செய்த சோதனை எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். பிறகு ஒரு கூட்டம் அதையே திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷத்தில் பரீட்சை வைத்தால் திரும்பப் படித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து வைத்தால் தலைகீழ்: 42க்கு 56. இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த சோதனை. அதில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் ‘எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். அந்த நம்பிக்கையும் நானும் பழைய சிநேகிதர்கள்.

இந்த ஆய்வைச் சொல்லித்தந்த வகுப்பு எப்படி நடந்தது தெரியுமா? ஸ்லைடில் இருந்ததை வாசித்தார்கள், நாங்கள் எழுதிக்கொண்டோம்.

எனக்கு உண்மையாகவே ஏதாவது ஏறியது என்றால் அது ஆய்வக வகுப்பில்தான். ஸ்ட்ரூப் 1935இல் செய்த சோதனை. நிறத்தின் பெயரை வேறொரு நிற மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. அவருடைய மாணவர்களுக்கு 100 வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்ல சுமார் 63 விநாடி, முரண்பட்ட 100 சொற்களின் மை நிறத்தைச் சொல்ல சுமார் 110 விநாடி பிடித்தது. படிக்கும்போது ‘சரி, அதனால் என்ன’ என்றுதான் தோன்றியது. ஸ்டாப்வாட்ச் என் கையில், பட்டியல் தோழியின் கையில். பச்சை மையில் ‘சிவப்பு’ என்ற சொல் வந்ததும் அவள் வாய் ‘சி...’ என்று கிளம்பிவிட்டது. கண்ணை மூடி, விழுங்கி, ‘பச்சை’ என்றாள். சிரிப்பு தாங்கவில்லை. என் முறை வந்தபோது நானும் அதே இடத்தில் விழுந்தேன்.

பக்கத்தில் தமிழ் படிக்கத் தெரியாத வகுப்புத் தோழன் ஒருவன். அதே பட்டியலை ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி முடித்துவிட்டான். அவனுக்கு அவை வெறும் வண்ணக் கோலங்கள். வாசிப்பு என்பது நாம் கூப்பிடாமலேயே ஓடி வந்து நிற்கும் ஒன்று என்பதும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் ஏன் வேண்டும் என்பதும் அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்தது. அதற்கு முன் இரண்டு மாதம் அந்த ஒப்பீட்டுக் குழு என்ற சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

(‘சைக்காலஜியா, என் மனசுல என்ன ஓடுது சொல்லு’ என்று கேட்பவர்களுக்கு: எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மில்லிசெகண்டும் புள்ளியியலும்தான்.)

இன்னொரு வருத்தமும் உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை மனதில் வைத்திருக்க முடியும் என்பதற்கு மில்லர் 1956இல் சொன்ன ‘ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு’ எழுதினால் முழு மார்க். கோவன் 2001இல் அது நாலுக்குப் பக்கம்தான் என்று வாதிட்டதை எழுதினேன், மார்க் குறைந்தது. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் முடிவு நின்றது. காக்னிட்டிவ் பிரிவில் பாதி தேறியது, சமூக உளவியலில் கால்வாசிதான். இந்தத் துறையில் இதைவிட சுவாரசியமான கதை எனக்குத் தெரிந்து இல்லை. பாடத்திட்டத்தில் அது ஒரு வரி.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நூறு பேர் வகுப்பு, நாலு கணினி, திருத்த வேண்டிய தாள் மலைபோல. ஆண்டையும் பெயரையும் கேட்டால் திருத்துவது சுலபம்.

இப்போது ஜூனியர்கள் என் நோட்ஸைக் கேட்கிறார்கள். நோட்ஸுக்குப் பதிலாக வெறும் கேள்விகள் மட்டும் நாற்பது எழுதி அனுப்பினேன், புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார் என்று. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: ‘அண்ணா, ஆன்சர் இருக்கிற பக்கம் விட்டுப்போச்சு போல.’