சொற்களின் பங்கு 7 சதவீதம்தானா?

பேச்சில் சொற்களுக்கு 7, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 சதவீதப் பங்கு இருப்பதால் உரையின் உள்ளடக்கம் பெரிதல்ல என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பேச்சுத்திறன் வகுப்புகளிலும் அடிக்கடி சொல்லப்படும் இந்த எண்கள், உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. அவற்றில் உரை எதுவும் சோதிக்கப்படவில்லை. தனிச்சொற்களை வெவ்வேறு தொனிகளில் கேட்கச் செய்தும், ஓர் ஆய்வில் முகப் படங்களையும் சேர்த்துக் காட்டியும், பேசுபவரின் விருப்பு வெறுப்பை மதிப்பிடச் சொன்னார்கள். உழைத்து உரை தயாரிக்கும் மாணவர்கள் இதை நம்பி உள்ளடக்கத்தைக் கைவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை. உணர்வுகளையும் மனப்பாங்கையும் பற்றிப் பேசும்போதன்றி இச்சமன்பாடு பொருந்தாது என்று மெஹ்ராபியனே தம் இணையதளத்தில் எழுதியிருப்பதை யாரும் படித்துப் பார்க்கலாம். அல்லது தமக்குத் தெரியாத மொழியில் ஒரு விரிவுரையைப் பார்த்து, அதில் 93 சதவீதம் விளங்குகிறதா என்று தாமே சோதித்துக்கொள்ளலாம்.