பீட்டர் எல்லிஸ் உடைந்துபோனாரா?

லிவர்பூல் வாட்டர் வீதியில் ஓரியல் சேம்பர்ஸ் என்று ஓர் அலுவலகக் கட்டடம் இருக்கிறது. 1864இல் கட்டியது. போன மாதம் எதிர்ச்சாரியில் நின்று, கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். அதைக் கட்டிய உள்ளூர்க்காரர் பீட்டர் எல்லிஸைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே ஒப்பாரிதான். லண்டன் பத்திரிகை கேலி செய்தது, மனிதர் மனம் நொந்தார், கட்டடக் கலையையே கைவிட்டார். இந்தக் கதை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கேலி நடந்தது உண்மை. 'தி பில்டர்' இதழ் அந்தக் கட்டடத்தைத் துருத்திக்கொண்டு நிற்கும் கண்ணாடிக் குமிழிகளின் குவியல் என்று எழுதியது. ஊரிலேயே சாதாரணமான செங்கல் கிடங்குகூட இதைவிட எவ்வளவோ மேல் என்றும் சொன்னது. குமிழி என்ற சொல், வசையாக இருந்தாலும், பொருத்தமானதுதான். மாடிக்கு மாடி, வரிசைக்கு வரிசை, சுவரை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள். நேரே வரும் வெளிச்சத்தோடு பக்கவாட்டு வெளிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மேகம் மூடிய ஊர்; குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அங்கே நாள் முழுக்கப் பேரேட்டில் கண்ணைப் புதைத்திருந்த குமாஸ்தாவுக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய அலங்காரம் எது?

இத்தனைக்கும் எல்லிஸ் அலங்காரத்தை வெறுத்தவர் இல்லை. ஜன்னல்களுக்கு நடுவே ஏறும் மெலிந்த கல் தூண்களில் சின்னச் சின்னப் பூ வேலை, உச்சியில் கோபுரக் கூர்கள். தெருவுக்குக் காட்டும் முகம் தேவாலயச் சாயல். துணிச்சலையெல்லாம் பின்கட்டில் வைத்திருக்கிறார். பாரத்தைத் தாங்குவது உள்ளே நிற்கும் வார்ப்பிரும்புச் சட்டம். முற்றத்துப் பக்கம் தூண்களுக்கு வெளியே கண்ணாடி திரைபோல ஓடுகிறது. கண்ணாடி கோபுரம் என்றதும் நமக்கு அமெரிக்கா நினைவுக்கு வருகிறது. இதுவோ சிகாகோவின் வானளாவிகளுக்கு இருபது ஆண்டுகள் மூத்தது.

சிகாகோ என்றதும் ஒரு சேதி. அங்கே பின்னாளில் பெரும் பெயர் எடுத்த கட்டடக் கலைஞர் ஜான் வெல்பார்ன் ரூட், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது 14 வயதுப் பையனாக லிவர்பூலுக்கு அனுப்பப்பட்டவர். வந்து சேர்ந்த ஆண்டு 1864. ஓரியல் சேம்பர்ஸை அண்ணாந்து பார்த்திருப்பார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் கைப்பட எழுதிய சான்று எதுவும் இல்லாததால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆசை மட்டும் இருக்கிறது.

ஒப்பாரிக்கு வருகிறேன். அந்த வசை அச்சேறியது 1866இல். அதே 1866 என்ற ஆண்டைத்தான் எல்லிஸின் அடுத்த கட்டடமான குக் வீதி 16ஆம் எண்ணுக்கும் சொல்கிறார்கள். அதே ஆண்டில் ஒரு லிஃப்டுக்குக் காப்புரிமையும் பெற்றார். கதவில்லாத பெட்டிகள் சங்கிலியில் கோத்ததுபோல நிற்காமல் ஏறி இறங்கும். ஓடும்போதே காலை வைத்து ஏறிக்கொள்ள வேண்டும். பின்னாளில் 'பேட்டர்னாஸ்டர்' என்று ஐரோப்பாவெங்கும் பரவிய வகை அது. 1868இல் அதை ஓரியல் சேம்பர்ஸிலேயே பொருத்தினார். பிறகு சிவில் இன்ஜினியராகத் தொழில் நடத்தி, 1884இல் இறந்தார். வசை வாங்கிய கட்டடத்துக்கே புதுப் பொறியோடு திரும்பி வந்த மனிதரை உடைந்துபோனவர் என்று எப்படிச் சொல்வது? நலிந்த மேதை என்றால் நமக்குக் கண்ணீர் விடச் சௌகரியமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1941 குண்டுவீச்சில் ஓரியல் சேம்பர்ஸின் ஒரு பகுதி சிதைந்தபோது உள்ளிருந்த இரும்புச் சட்டம் வெளியே தெரிந்தது. அறிஞர்கள் அதன் பிறகுதான் இந்தப் பக்கம் ஒழுங்காகத் திரும்பினார்கள்.

போகிறவர்கள் குக் வீதியையும் விட்டுவிடாதீர்கள், ஐந்து நிமிட நடைதான். பின்முற்றத்தில் ஒரு சுருள் படிக்கட்டு, கட்டடத்தை விட்டு வெளியே உருளையாகப் புடைத்து நிற்கிறது. இரும்பும் கண்ணாடியும் மட்டுமே. தெருவிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.